மெனுவைத் திருத்துவது வீண்வேலையா?

கணிப்பொறியைத் திறந்ததும் முன்னிற்கும் மெனுவைத் தம் தொழிலுக்கேற்றவாறு மாற்றியமைத்துக்கொள்வதைப் பலர் ஒரு பொழுதுபோக்காகவே கருதுகின்றனர். திரைக்கு வண்ணப்படம் தேர்ந்தெடுக்கும் விளையாட்டோடு இதனையும் சேர்த்துவிடுகின்றனர். இவ்வபிப்பிராயம் தவறானது என்பது என் எண்ணம். களப்பணியாளரும் ஆசிரியரும் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கி இவ்வேலையைச் செய்துகொள்வது அவசியம்.

ஸ்டார்ட் மெனுவை 1995ஆம் ஆண்டில் விண்டோஸ் 95 அறிமுகம் செய்தது. 2012இல் விண்டோஸ் 8 அதனை அகற்றிவிட்டுத் திரை முழுவதையும் கட்டங்களால் நிரப்பிற்று. பழகியோர் பலரும் குறைகூறவே, 2015இல் விண்டோஸ் 10 அதனைத் திரும்பக் கொணர்ந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11, இடது மூலையிலிருந்த பொத்தானை நடுவிற்கு நகர்த்திற்று. ஒவ்வொரு முறையும் நம் கைப்பழக்கந்தான் குலைந்தது. பிறர் வகுத்த ஒழுங்கிற்கு நாம் இவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கும்போது, நமக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ளத் தயங்குவானேன்?

மெனுவிலுள்ள பெயர்களைக் குறைத்துவிட்டாற் போதும் என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மையே. தெரிவு செய்யவேண்டிய பொருள்கள் பெருகப் பெருக, மனிதன் முடிவெடுக்கும் நேரமும் நீளுகின்றது என்பதை ஹிக் என்னும் ஆங்கில உளவியலார் 1952இல் அளந்து காட்டினார். ஆனால் அந்நேரம் பொருள்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் நீளுவதில்லை. மடக்கை முறையிலேயே நீளுகின்றது. அஃதாவது, பொருள்கள் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை. ஒரு சிறு அளவே கூடுகின்றது. எது எங்கே உள்ளது என்பது பழகிப்போன பட்டியலுக்கே இது பொருந்தும். இடம் தெரியாத பட்டியலிலோ கண் ஒவ்வொரு வரியாகத் தடவிச் செல்லவேண்டியிருத்தலின் நேரம் வரிதோறும் வளர்கின்றது. ஆகவே, நமக்கு வேண்டுவது சிறிய பட்டியல் என்பதைவிட, இடம் மாறாத பட்டியல் என்பதே பொருத்தம்.

இக்காரணத்தினால்தான் 'அடிக்கடி பயன்படுவன' என்று கணிப்பொறி தானே தொகுத்துத் தரும் வரிசையை நான் நம்புவதில்லை. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2000இல், அரிதாய்ப் பயன்படும் கட்டளைகளை மறைத்துவைக்கும் மெனு ஒன்று இருந்தது. உதவி என்ற பெயரில் வந்த உபத்திரவம் அது. நேற்று மூன்றாவதாக நின்றது இன்று காணாமற்போகும்.

வரிசையை எதன்படி அமைப்பது? 'அலுவலகம்', 'கல்வி', 'இணையம்' என்று மென்பொருளின் இனத்தைக் கொண்டு பிரிப்பது, அதனை ஆக்கியவருக்குச் சௌகரியம். நாமோ வேலையின் வரிசைப்படி அடுக்கவேண்டும். காலை 8.30 மணிக்கு மழைமானியை அளந்துவிட்டு வரும் பணியாளர் முதலில் திறப்பது பதிவேட்டு அட்டவணை, அடுத்து நிலப்படம், பின்பு மின்னஞ்சல். அவருடைய மெனுவில் அம்மூன்றும் அம்முறையிலேயே தலைப்பில் நிற்கட்டும். நாற்பது நிமிட வகுப்பில் வானியல் கற்பிக்கும் ஆசிரியர் ஸ்டெல்லேரியத்தைத் தேடுவதிலேயே ஐந்து நிமிடத்தை இழப்பாராயின், பிள்ளைகளின் கவனம் அதற்குள் வேறிடம் சென்றிருக்கும். அதனையும் ஜியோஜீப்ராவையும் 'எட்டாம் வகுப்பு' என்ற ஓர் அறையில் சேர்த்து வைத்தால் தீர்ந்தது. கேடிஈ பிளாஸ்மா, சின்னமன் போன்ற லினக்ஸ் சூழல்களில் மெனு எடிட்டர் என்னும் கருவி இதற்கென்றே உள்ளது. அதில் பெயரைத் தமிழிலும் எழுதிக்கொள்ளலாம். மெனுவிலிருந்து ஒன்றை மறைத்தால் மென்பொருளே அழிந்துவிடும் என்று அஞ்சவேண்டாம். பெயர்தான் மறைகின்றது, மென்பொருள் அப்படியே இருக்கின்றது.

பெயரின் முதலெழுத்துகளைத் தட்டினால் தேடித் தருமே என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்வோர்க்கு அதுவே விரைவான வழி. நாள்முழுதும் தமிழில் எழுதும் என்போன்றோர்க்கோ விசைப்பலகை தமிழில் நிற்கும்; ஆங்கிலப் பெயரைத் தட்டினால் பொருளற்ற தமிழெழுத்துகள் தோன்றும்; தேடலும் ஒன்றும் இல்லை எனக் கைவிரிக்கும். விசைப்பலகையை மாற்றித் தேடி, மீண்டும் தமிழுக்கு மாற்றுவதற்குள் சிந்தனை அறுந்துபோகின்றது. மொழிபெயர்ப்பில் அறுந்த வாக்கியத்தை மீண்டும் பிடிப்பது எளிதன்று.

எனினும், இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பலர் பயன்படுத்தும் பொறியில் ஒருவர் தம் விருப்பப்படி மாற்றினால் மற்றவர் திண்டாடுவர். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில் அகராதி மென்பொருளை ஒருவர் மெனுவிலிருந்து மறைத்துவிட, அடுத்து வந்தவர் அது தொலைந்துவிட்டதென்றெண்ணி மீண்டும் நிறுவிக்கொண்டிருந்தார். மறைத்தவன் நானே. விண்டோஸிலும் லினக்ஸிலும் இத்தகைய மாற்றங்கள் பொதுவாக மாற்றியவருடைய கணக்கை மட்டுமே பற்றியவை. அன்று எங்கள் அனைவர்க்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அச்சொல் திரையின் ஓரத்தில் தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. மெனுவைத் தொடுமுன் ஆளுக்கொரு கணக்கைப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பெறுங்கள். அதுவரை பொதுக் கணக்கின் மெனுவைத் தொடவேண்டாம்.