செம்பா, துத்தநாகமா?

அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயத்தை அங்கே 'பென்னி' என்பார்கள். வங்கியிலிருந்து பெட்டி பெட்டியாகப் பென்னி வாங்கி வந்து, செம்பு வேறு, துத்தநாகம் வேறு எனப் பிரிப்பது அந்நாட்டில் சிலருக்குப் பொழுதுபோக்கு. வெட்டி வேலை என்று நகைப்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

1982க்கு முந்தைய பென்னியில் (1943ஆம் ஆண்டின் எஃகுக் காசு நீங்கலாக) 95 விழுக்காடு செம்பு, எடை 3.11 கிராம். பின்னர் வந்தது செம்பு பூசிய துத்தநாகம், 2.5 கிராம். 1982இல் மட்டும் இரண்டும் வந்தன. ஆண்டைப் பார்த்துப் பயனில்லை, தராசுதான் தீர்ப்புச் சொல்லும். காந்தத்துக்கு இரண்டுமே மசியா. தட்டினால் செம்பு கணீரென்னும். துத்தநாகம் 'டொக்'கென்று அடங்கும்.

அச்செம்பின் விலை ஒரு சென்ட்டை விட அதிகம். ஆனால் உருக்க 2006 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான பென்னி அச்சடிப்பும் நின்றது. தடை நீங்குமென்று மூட்டை கட்டி வைப்போரின் கணக்கு என்னை ஈர்க்கவில்லை. பிரித்தறியும் அறிவே ஈர்க்கிறது.

நண்பர்களே, என் தந்தை பழைய பாத்திர வியாபாரி. பள்ளி வாசலை மிதிக்காதவர். விரலால் சுண்டிப் பார்த்தே உலோகம் சொல்வார். மேசைத் தராசில் அமெரிக்கர் செய்தால் அறிவார்ந்த பொழுதுபோக்கு. சைக்கிளில் வந்து செய்தால் பழைய சாமான்காரர் பிழைப்பா? நம் ஆய்வகத்தில் அடர்த்தி காணும் நாளில் அத்தகைய ஒருவரை அழையுங்கள் எனப் பேராசிரியர்களை வேண்டுகிறேன். முதலில் அவர் சொல்லட்டும். பிறகு நாம் நிறுத்துப் பார்ப்போம். என் தந்தையே வருவார். ஒரு நாள் வியாபாரம் கெட்டது என்று மட்டும் முணுமுணுப்பார்.