சிறப்புக் குழந்தைக்கு 18 வயது ஆனால்..?

18 வயது ஆனால் என்னென்ன கிடைக்கும்? ஓட்டு, டிரைவிங் லைசென்ஸ், கல்லூரி, வீட்டில் சண்டை போட்டு வாங்கும் பைக். ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு அதே 18 வந்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். பள்ளி முடிகிறது. மறுநாள் காலையிலும் குளித்து, சட்டை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான். வேன் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று அவனுக்குப் புரியும்படி யாரும் சொல்வதும் இல்லை.

தினசரி ஒழுங்கு கொஞ்சம் மாறினாலே தவித்துப்போகும் ஒருவனுக்குப் பல வருட ஒழுங்கு ஒரே நாளில் அறுந்துபோகிறது. அதற்குப் பிறகு அவன் கத்தினால், "வயசு ஆக ஆக மோசமாயிட்டான்" என்று தீர்ப்பு மட்டும் உடனே வந்துவிடும்!

கோளாறு எங்கே என்று தேடினால் முதலில் ஒரு சொல்லில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 'சிறப்புக் குழந்தை'. ஐந்து வயதிலும் சிறப்புக் குழந்தை, 35 வயதில் மீசை நரைக்கத் தொடங்கும்போதும் சிறப்புக் குழந்தை. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் குழந்தை என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. குழந்தைக்கு வேலை தர வேண்டாம், சம்பளம் தர வேண்டாம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கவும் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 2ஆம் தேதி உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளுக்கு நீல விளக்குகள் எரிகின்றன, பேரணி நடக்கிறது. போஸ்டர்களில் இருப்பதெல்லாம் சின்னக் குழந்தைகளின் முகம்தான். அந்தக் குழந்தைகள் வளர்ந்து எங்கே போனார்கள் என்று எந்தப் போஸ்டரும் கேட்பதில்லை.

ஆட்டிசம் என்று முதன்முதலாக அடையாளம் காணப்பட்டவரின் கதையைப் பாருங்கள். 1943இல் மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். சிறுவயதில் அவரை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள், பிறகு பெற்றோரே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அவர் கல்லூரி முடித்தார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், தனியாகவே பல நாடுகள் சுற்றினார். 2023இல் இறக்கும்போது அவருக்கு வயது 89. குழந்தையாக இருந்தது கொஞ்ச காலம், பெரியவராக வாழ்ந்தது எழுபது வருடத்துக்கு மேல்!

இதில் அதிசய மருந்து எதுவும் இல்லை. அந்த வங்கி அவருடைய குடும்பத்தோடு தொடர்புடையது. ஊர்க்காரர்கள் அவரை அவர் போக்கிலேயே ஏற்றுக்கொண்டார்கள். வேலை, வீடு, தெரிந்த முகங்கள், இந்த மூன்றும் போதுமாக இருந்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வங்கியில் பங்கு வைத்திருக்கும் குடும்பம் வாய்க்காது. அந்த இடத்தில் அரசு வந்து நிற்க வேண்டும்.

நிற்கிறதா? இந்தியாவின் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தபோது ஆட்டிசமும் அதில் சேர்ந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது உறுதி தரும் இலவசக் கல்வி 18 வயதோடு நின்றுவிடுகிறது. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடுகளுக்குத் தலா 1 சதவீதம் போக மிச்சம் இருப்பது 1 சதவீதம். அதை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என்று ஐந்து பிரிவினர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போட்டித் தேர்வு எழுத முடியாதவருக்கு அந்தப் பங்கும் காகிதத்தில்தான்.

ஒன்று மட்டும் 18 வயதானதும் தேடி வருகிறது. பாதுகாவலர் சான்றிதழ்! மகனுக்கு 18 முடிந்ததும் பெற்ற தாயே சட்டப்படி பாதுகாவலர் இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்து அந்தப் பதவியை வாங்க வேண்டும். பெற்றோர்மேல் குற்றம் இல்லை, கேட்கிற இடத்தில் காட்டப் பேப்பர் வேண்டுமே. ஆனால் யோசித்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு 18இல் வருவது வாக்காளர் அட்டை. இவர்களுக்கு வருவது, "இவரால் முடிவெடுக்க முடியாது" என்ற சான்று. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, பாதுகாவலர் அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்கிறது. அதை மதித்து, "உன் பணத்தை என்ன செய்யலாம்?" என்று அவரிடமே படம் காட்டியாவது கேட்கும் வழக்கம் எத்தனை அலுவலகங்களில் இருக்கிறது?

"பெற்றோர்தான் இருக்கிறார்களே" என்பார்கள். இருக்கிறார்கள், 60 வயதில் மூட்டு வலியோடு. அவர்களில் பலருடைய பிரார்த்தனை என்ன தெரியுமா? பிள்ளைக்கு ஒரு நாள் பின்னால் தங்கள் உயிர் போக வேண்டும் என்பது. பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் போகட்டும் என்று ஒரு தாயை வேண்ட வைக்கும் சமூகம், அவளுடைய தியாகத்தைப் பாராட்டிக் கைதட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது?

"எல்லோராலும் வேலை செய்ய முடியாதே" என்பது அடுத்தது. உண்மைதான். பேச்சே இல்லாத, இருபத்திநாலு மணி நேரமும் துணை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காலையில் போக ஓர் இடம், பழக நாலு பேர், பெற்றோருக்குப் பிறகு இருக்க ஒரு வீடு வேண்டும். தேசிய அறக்கட்டளையிடம் பெரியவர்களுக்கான குழு இல்லத் திட்டமே இருக்கிறது. அப்படி ஓர் இல்லம் பக்கத்து ஊரில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி 16 வயதுக்குள்ளேயே, பள்ளிக்குப் பிறகு என்ன என்று ஒவ்வொரு மாணவருக்கும் திட்டம் எழுதியாக வேண்டும். அங்கேயும் பள்ளி முடிந்ததும் பள்ளத்தில் விழுந்ததுபோல் இருக்கிறது என்று பெற்றோர் புலம்புகிறார்கள். இங்கே அந்தத் திட்டம்கூட இல்லை. 14 வயதிலேயே அதைத் தொடங்கலாம். பஸ் ஏற, கடையில் பணம் கொடுக்க, சமைக்கப் பழக்கலாம். வேலையிடத்தில் முதல் சில மாதங்கள் கூடவே நின்று சொல்லித்தர ஒருவரை அரசு சம்பளத்தில் அனுப்பலாம். வட்டத்துக்கு ஒரு பகல்நேர மையமும், மாவட்டத்துக்குச் சில குழு இல்லங்களும் தொடங்கலாம்.

கல்லூரி மாணவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. தெருவில் அந்த அண்ணனோ அக்காவோ எதிரே வந்தால் அம்மாவிடம், "எப்படி இருக்கான்?" என்று கேட்காமல், அவரையே பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பது. பதில் வர நேரமாகலாம், வராமலும் போகலாம். ஆனாலும் கேள்வி அவருக்கு உரியது. அவர் குழந்தை இல்லை.