விலை இறங்கும்... பில்லு இறங்காது!

போன ஞாயித்துக்கிழமை மாப்ள (வீட்டம்மாவோட தம்பி) பொள்ளாச்சியில இருந்து வந்திருந்தான். வந்ததும் வராததுமா செல்போனை நீட்டினான். டெல்லி நம்பர் பிளேட்டோட, கறுப்பு கலர்ல, யானைக்குட்டி மாதிரி ஒரு வண்டி. புதுசா வாங்கினா கோடியைத் தாண்டும் ஆஃப் ரோடு வண்டி. ஏழு வருஷம் ஓடினது, 28 லட்சமாம்.

"மாமா, கால்வாசி விலைங்க. மீதி முக்கால்வாசியை மொத ஓனர் நட்டப்பட்டுட்டான். நமக்கு லாபந்தானுங்களே?"

அவன்கிட்ட இருக்கிறது 30 லட்சம். தென்னந்தோப்புல அவன் பங்குல கொஞ்சம் வித்த காசு. மகளுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல காலேஜ். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த குண்டைப் போட்டான்.

"நீங்களும் டெல்லி வண்டிதானுங்களே வெச்சிருந்தீங்க? மூணு வருஷம் ஓட்டிட்டு, போட்ட காசு வந்துருச்சுன்னு சொன்னீங்களே!"

ஆமா மக்களே, சொன்னேன். 2021ல அந்த வண்டியை வித்தப்போ வீட்டுல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை நம்பி ஒருத்தன் தோப்பு வித்த காசைக் கொண்டுபோய்க் கொட்டப் போறான். அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல என் கணக்கு. எந்தக் கம்பெனி வண்டின்னு சொல்ல மாட்டேன். குத்தம் வண்டி மேல இல்ல, கணக்குப் போடாத என் மேல.

2018ல வாங்கின விலை 15 லட்சம். கோயமுத்தூர் கொண்டு வந்து, வரி கட்டி, நம்பர் மாத்தினதுல 5 லட்சம். (நான் 15 லட்சத்துக்குத்தான் வரி போடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க வண்டி புதுசா வித்தப்போ இருந்த விலையில ஆரம்பிச்சாங்க!) மூணு வருஷ ரிப்பேர் 7 லட்சம். இன்சூரன்ஸ் ஒன்றரை லட்சம். ஆக 28.5 லட்சம். டீசல் தனி. வித்தது ஒன்பதரை லட்சத்துக்கு. நட்டம் 19 லட்சம்.

நல்லா பாருங்க. 15 லட்ச ரூபாய் வண்டியில 19 லட்சம் நட்டம். மாசத்துக்கு 50 ஆயிரத்துக்கு மேல. அந்தக் காசுக்கு டிரைவரோட ஒரு வாடகை வண்டி வெச்சு ஊர் சுத்தியிருக்கலாம்.

அந்த 7 லட்சத்துல பெரிய துண்டு ஏர் சஸ்பென்ஷன். இந்த மாதிரி வண்டிகள்ல ஸ்ப்ரிங்குக்குப் பதிலா ரப்பர் பலூன் மாதிரி ஒண்ணு இருக்கும், கம்ப்ரஸர் காத்தடிச்சு வண்டியைத் தூக்கும், இறக்கும். ரப்பருக்கு வயசானா வெடிப்பு விடும். காத்து கசிய கசிய கம்ப்ரஸர் ஓய்வில்லாம ஓடி அதுவும் படுத்துக்கும். ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறுற 40 கொண்டை ஊசி வளைவுல பாதியில என் வண்டி ஒரு பக்கமா உக்காந்துருச்சு. பின்னாடி அம்மாவும் குழந்தைகளும். டோ வண்டி வர அஞ்சு மணி நேரம். மெக்கானிக் பில்லை நீட்டறப்போ சொன்னாரு: "அண்ணா, நீங்க வாங்கினதுதாங்க 15 லட்ச ரூபா வண்டி. பார்ட்ஸுக்கு அது தெரியாதுங்க."

இந்தப் பதிவோட சாரமே அந்த ஒரு வரிதான். வண்டியோட விலை வருஷா வருஷம் இறங்கும். பார்ட்ஸ் விலை, லேபர், டயர் இதெல்லாம் கோடி ரூபாய் வண்டிக்கு உள்ளதாவே நிக்கும். போதாக்குறைக்கு வயசு ஏற ஏற ரிப்பேரும் ஏறும். நாம பழைய வண்டி வாங்கறப்போ மொத ஓனரோட நட்டத்தை மட்டும் மிச்சம் பண்றோம். அவன் தப்பிச்சு ஓடின பில்லையெல்லாம் தலைமேல வாங்கிக்கறோம்.

சரி, அப்ப புதுசு வாங்கலாமான்னு கேப்பீங்க. அதையும் பார்ப்போம்.

இன்சூரன்ஸ்காரங்க ஐடிவி போடறதுக்கு ஒரு அட்டவணை வெச்சிருக்காங்க. ஆறு மாசம் வரை 5%, ஒரு வருஷம் வரை 15%, ரெண்டு வரை 20%, மூணு வரை 30%, நாலு வரை 40%, அஞ்சு வரை 50% கழிவு. ஒரு கோடி ரூபாய் வண்டின்னு வெச்சுக்குங்க. மூணு வருஷம் முடிஞ்ச மறுநாள் அந்தக் கணக்குல 60 லட்சம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல போற காருக்கு ஆயுள் வரி 20%. அதாவது இன்னொரு 20 லட்சம். அந்த அட்டவணை அதைக் கணக்குலயே எடுத்துக்காது. ரெண்டும் சேர்ந்து 60 லட்சம். மூணு வருஷத்துக்கு வகுத்தா ஒரு நாளைக்குச் சுமார் 5,500 ரூபாய். வண்டி ஷெட்ல சும்மா நின்னாலும்! சந்தையில விக்கிற விலை வேற மாதிரி இருக்கலாம். சொகுசு வண்டிக்கு அது பெரும்பாலும் இன்னும் கீழதான்.

இதுல நம்ம கையில இல்லாத சமாச்சாரம் வேற. 2024 மே மாசம் ரேஞ்ச் ரோவரையும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டையும் புனேயில அசெம்பிள் பண்றதா அறிவிச்சாங்க. விலை 18ல இருந்து 22 சதவீதம் வரை விழுந்துச்சு. பெருசு 2.36 கோடியில, ஸ்போர்ட் 1.40 கோடியில ஆரம்பிச்சது. ஏப்ரல்ல வாங்கினவர் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்? அடுத்து 2025 செப்டம்பர் 22. பெரிய எஸ்யூவிகளுக்கு 28% ஜிஎஸ்டி, 22% செஸ், ஆக 50% இருந்தது ஒரே அடியா 40% ஆச்சு. புதுசு வாங்கறவனுக்குச் சந்தோஷம். ஆனா புது வண்டி விலை குறைஞ்சா அன்னிக்கே பழைய வண்டி விலையும் கீழ போயிடும். தேய்மானம் ஓட்டினதால மட்டும் வர்றதில்ல சாமி.

டெல்லி வண்டி ஏன் மலிவுங்கறதும் இதே கதைதான். 10 வருஷத்துக்கு மேலான டீசல் வண்டி தலைநகர்ப் பகுதியில ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிச்சு. 2018ல உச்ச நீதிமன்றமும் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல்னு உறுதி பண்ணிச்சு. 2025ல அதே நீதிமன்றம் அதைத் தளர்த்துச்சு. ஒரு உத்தரவுல ஏறி இறங்குற விலை அது. அதைப் பார்த்து "ஆஹா, சல்லிசு"ன்னு பாயற நாம, என்ஓசி வாங்கி, இங்க வந்து மறுபதிவு பண்ணி, வரி கட்டற செலவைக் கூட்டவே மாட்டோம்.

எல்லா வண்டியும் இப்படி விழாதுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. உண்மைதான். டொயோட்டாவோட லேண்ட் க்ரூஸர் 300 வந்தப்போ (2021) ஜப்பான்ல, ஒரு வருஷத்துக்குள்ள கைமாத்த மாட்டேன்னு வாங்கறவங்ககிட்ட எழுதி வாங்கினாங்க. அவ்வளவு கிராக்கி. நம்மூர்ல ஃபார்ச்சூனர் பழசைப் பேரம் பேசிப் பாருங்க, ஓனர் இறங்கவே மாட்டாரு. ஆனா யோசிங்க, விலை இறங்காத வண்டியில பழசு வாங்கறவனுக்கு என்ன மிச்சம்? சந்தை ஒண்ணும் முட்டாள் இல்ல. ரொம்ப விழுந்த வண்டி ஏன் விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியும்.

அதனால என் கட்சி இதுதான். புதுசு வாங்கணும்னா பத்து வருஷம் வெச்சுக்கறவன் வாங்கலாம். மூணு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தறவனுக்கு அது ஆகாது. தொழிலுக்கு ஓட்டற வண்டின்னா வருமான வரியில வருஷத்துக்கு 15% தேய்மானம் காட்டிக்கலாம், அவங்க கணக்கு வேற. பழசு வாங்கணும்னா மூணு, நாலு வருஷ வண்டி, நம்ம மாநில நம்பர், முழு சர்வீஸ் ரெக்கார்டு. முக்கியமா, கையில இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குக்கு மட்டும் வண்டி. 30 இருந்தா 20க்குப் பாருங்க. மீதி 10 பில்லுக்கு. அந்த 10ஐ எடுத்து வெக்க முடியாதவன் அந்த வண்டியைத் தொடவே கூடாது.

பார்க்கப் போறவங்களுக்கு நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டது மூணு. ஒண்ணு, வண்டியை உசரத்துல ஏத்தி ராத்திரி பூரா நிறுத்தச் சொல்லுங்க, காலையில எந்த மூலை இறங்கியிருக்குன்னு பாருங்க. ரெண்டு, லோ ரேஞ்ச் போட்டு ஓட்டுங்க. சொகுசு வண்டி வெச்சிருக்கிற பாதிப் பேர் அந்த சுவிட்சைத் தொட்டதே கிடையாது, வேலை செய்யுதான்னு அவங்களுக்கே தெரியாது. மூணு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க. சென்னையில 2015லயும் 2023லயும் வெள்ளத்துல முங்கின வண்டி எத்தனை! சேறு படிஞ்ச கோடு அங்கதான் மாட்டிக்கும்.

இதையெல்லாம் மாப்ளகிட்ட சொன்னேன். 19 லட்சத்தையும் சொன்னேன். சமையக்கட்டுல பாத்திரம் கழுவுற சத்தம் டக்குனு நின்னுச்சு. அவன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா கேட்டான்.

"எங்க அப்பாரு 2022ல ஒரு பழைய வண்டி வாங்கி ரெண்டு லட்சம் விட்டாருங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமில்லைங்க மாமா?"

பதில் இல்ல எங்கிட்ட. நட்டப்பட்டதை விட, ஏமாந்தது வெளிய தெரியக்கூடாதுங்கற வீம்புதான் எனக்குப் பெருசா இருந்திருக்கு. பழைய வண்டி வாங்கின பத்துப் பேர்ல ஒருத்தராவது நட்டம்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எல்லாரும் "சூப்பரா ஓடுதுங்க"தான். அதைக் கேட்டுத்தான் அடுத்தவன் டெல்லிக்கு ரயில் ஏறுறான்.

அவனோட தோப்புக்குப் போற வழிக்கு ஒரு புதுத் தாரே தாராளம். அதுலயும் ஃபோர் வீல் டிரைவ் இருக்கு, லோ ரேஞ்ச் இருக்கு, பொள்ளாச்சியிலயே பார்ட்ஸ் கிடைக்கும். யோசிக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அந்தப் போட்டோவை இன்னும் செல்போன்ல இருந்து அழிக்கல, பார்த்தேன் :-)

உங்கள்ல யாராவது சொகுசு வண்டி வாங்கி நட்டப்பட்டிருந்தா பின்னூட்டத்துல கணக்கைப் போடுங்க. ரவுண்டா வேண்டாம், முழுக்கணக்கு.

டிஸ்கி: வீட்டம்மா இன்னும் எங்கூட சரியாப் பேசல. காபி மட்டும் வருது. அதுல சக்கரை இல்ல.