டி டிரைவில் இருந்தால் பத்திரமா?

"டி-யிலல்லே சாரே, பேடிக்கண்டா." பயப்பட வேண்டாமாம். தம்பானூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் சொன்னது. மறுநாள் விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். சி, டி, ஈ மூன்றும் துடைத்து விட்ட மாதிரி காலி.

டி-யில் இருந்தது அம்மா பாடிய பதினொரு பாட்டு. நலங்கு, ஊஞ்சல், தாலாட்டு. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இரண்டு மாதம் இருந்தபோது மைக்கும் சின்ன இண்டர்ஃபேஸும் வாங்கி, ஜன்னலைச் சாத்தி, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு ஓயும் நேரம் பார்த்து எடுத்தவை. இப்போது அம்மாவுக்குப் பல பாட்டில் நடு அடிகள் நினைவில் இல்லை. தங்கைக்கு மெயிலில் அனுப்பிய நாலு எம்பி3 மட்டும் மிச்சம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எதையாவது மீட்டிருக்கலாம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அதுவே பின்னணியில் சுத்தம் செய்துவிடும்.

அவரைத் திட்டி என்ன பயன்? என் கோபம் நம் வீடுகளில் வேரூன்றிய 'டி டிரைவ் பத்திரம்' என்ற மூடநம்பிக்கை மேல். ஒரே டிஸ்க்கில் கோடு போட்டு சி, டி, ஈ என்று பெயர் வைப்பது, ஒரே பீரோவுக்கு மூன்று தட்டு வைப்பது போல. பீரோவே போனால் எந்தத் தட்டு மிஞ்சும்?

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். கிளைப் பெட்டகத்தின் மாற்றுச் சாவியை வேறு கிளையில் வைக்கிறோம். கணக்கு விவரமெல்லாம் இன்னொரு ஊரிலும் ஒரு பிரதி இருக்கிறது. அதே ஆள் வீட்டுக்கு வந்தால் பெற்ற தாயின் குரலை டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் (3)'-ல் போட்டு வைக்கிறேன். வெட்கக்கேடு :)

"சிஸ்டத்துக்கு ஒன்று, ரெக்கார்டிங்குக்கு ஒன்று, சாம்பிளுக்கு ஒன்று, மூன்று டிரைவ் வேண்டும்" என்பது பழைய பாடம். "அதெல்லாம் சுழலும் டிஸ்க் காலத்துக் கதை, எஸ்எஸ்டி ஒன்றே போதும்" என்கிறார்கள் விவரம் தெரிந்த நண்பர்கள். வேகத்தைப் பொறுத்தவரை சரிதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. எட்டு டிராக் சேர்ந்தாலும் நொடிக்கு 1.2 எம்பி தாண்டாது. ஆனால் பிரித்து வைக்க வேகம் மட்டுமா காரணம்? விண்டோஸ் கெட்டால் கடைக்குக் கொண்டுபோவது எதை? பாட்டு தனி டிரைவில் இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நான் அதைத்தான் செய்யவில்லை. வீணை, தபலா சாம்பிள்கள் போனால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், அவற்றுக்குக் கவலை வேண்டாம். அம்மா குரலை எங்கிருந்து இறக்குவது?

"ரெய்டு போட்டிருக்கேன்", "கிளவுடில் சிங்க் ஆகுது" என்பவர்களுக்கும் ஒன்று. இரட்டை டிஸ்க் ரெய்டு, ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். நீங்கள் தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். சிங்க்கும் அப்படியே, அழித்ததையும் சிரத்தையாக ஒத்திசைக்கும். தேவை இன்னொரு ஹார்ட் டிஸ்க், நகல் எடுத்ததும் கழற்றி வேறு வீட்டில் வைப்பது. அலமாரியில் வருடக்கணக்கில் தூங்கப் போவது எஸ்எஸ்டியாக இருக்க வேண்டாம். மின்சாரமே காணாமல் நெடுநாள் கிடந்தால் அதில் உள்ளது கரையக்கூடும்.

பெரிய இடங்களும் ஏமாந்திருக்கின்றன. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகம் தீப்பிடித்தது. அங்கே எத்தனையோ பாடகர்களின் மூல ஒலிநாடாக்கள் எரிந்தது 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அவ்வளவு பணம் உள்ளவனே எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் அடைத்தால் நாம் எம்மாத்திரம்?

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான் தைக்காடு ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரி. 1939-ல் தொடங்கியபோது முதல்வர் நம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அடுத்து செம்மங்குடி. அங்கே படிக்கும் ஒரு பெண்ணிடம் குரு சொல்லிக்கொடுத்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "போனில்தான் அங்கிள்" என்றாள். அந்த போன் அப்போது சார்ஜரில் சூடாகிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு அம்மா வருகிறாள். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கிவிட்டேன், ஒன்று தங்கை வீட்டுக்கு. போன ஏழு பாட்டில் எத்தனை தேறும் என்று பார்க்க வேண்டும். இரண்டு பாட்டு பெரியம்மாவுக்கு முழுசாகத் தெரியும் என்கிறாள் அம்மா. அவர்களையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.