மாதா படமும் வேட்புமனுவும்

தேர்தல் முடிந்த மறுநாளே பத்திரிகைகளில் அட்டவணை வந்துவிடும். கிறிஸ்தவர் ஓட்டு இந்தப் பக்கம், தலித் ஓட்டு அந்தப் பக்கம், வட மாவட்டம் இப்படி, தென் மாவட்டம் அப்படி. அதில் எங்க தெரு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று நானும் ஒவ்வொரு தடவையும் தேடுகிறேன். கிடைத்ததில்லை.

எங்க சேரிக்கு மேலண்டை மாரியம்மன், கீழண்டை சூசையப்பர். என் அப்பா வீடு இந்து, அத்தையைக் கட்டிக்கொடுத்த வீடு கிறிஸ்தவம். குழாய் ஒன்று, சாவு போகும் பாதை ஒன்று, வாக்குச்சாவடியும் ஒன்று. அது ஊர்த்தெருவில் இருக்கிறது. 2019 உள்ளாட்சித் தேர்தலில் எங்க பஞ்சாயத்து தனி ஆனபோது, அத்தை மகன்தான் நிக்கணும் என்று தெருவே கூடிச் சொன்னது. சாதிச் சான்றுக்காக விசாரிக்க வந்த அதிகாரி வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தார். சுவத்துல மாதா படம். "நீங்க பி.சி. ஆச்சே தம்பி." அவ்வளவுதான், முடிந்தது.

அவன் பி.சி. என்கிற சேதி அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். ஊர்க்காரன் எவனுக்கும் இதுவரை தெரியாது.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவன் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்த சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என 1985-ல் தள்ளிவிட்டார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை எடுக்கச் சொன்னது. பிறகு 2022-ல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையத்துக்கா பஞ்சம்!

இது ஒருத்தன் நிற்பதும் நிற்காததும் பற்றிய சங்கதியாக மட்டும் இருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். மக்கள்தொகைக் கணக்கில் தலித் கிறிஸ்தவன் பட்டியல் சாதியாக எண்ணப்படுவதில்லை. தனித் தொகுதி எத்தனை, அது எங்கே என்று தீர்மானிப்பதோ அந்தக் கணக்கு. 234-ல் 44 என்கிறார்களே, எங்க சேரியின் பாதித் தலைகள் விழாத கணக்கு அது. பூகோளம் ஓட்டைத் தீர்மானிக்கிறதாம். அந்தப் பூகோளத்தை வரைந்தவன் யார் என்று எந்தத் தேர்தல் நிபுணனாவது கேட்டானா?

'கிறிஸ்தவர் ஓட்டு' என்று ஆயர்களிடம் பேரம் பேசுகிற கட்சிகள் ஒரு தடவை எறையூருக்குப் போய்வரட்டும். 2008 மார்ச்சில் அங்கே தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகளை அடித்தவர்களும் கிறிஸ்தவர்களே. போலீஸ் சுட்டு இரண்டு உயிர் போனது. ஒரே கோயிலில் நன்மை வாங்கிய இந்த இரண்டு கூட்டத்தையும் எந்தக் கட்டத்தில் சேர்த்து எழுதுவீர்கள்?

நம்ம தோழர்களும் சளைத்தவர்கள் இல்லை. கிறிஸ்தவன் என்றதும் சிறுபான்மைப் பிரிவில் ஒரு பொறுப்பைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். மேடையில் அவன் சேரிக்காரனாகப் பேச வேண்டுமென்றால் ஞானஸ்நானப் பேரை மறைக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஊர்ப் பண்ணையில் வேலை பார்த்த ஒருத்தரைத் தனித் தொகுதி என்று காட்டி ஊரே நிறுத்தியது. அவர் எங்க ஆள்தான், குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய காகிதமெல்லாம் பண்ணை வீட்டுத் திண்ணைக்குத்தான் போனது.

"படத்தைக் கழட்டிட்டு, பேரை மாத்திக்கிட்டு வான்னு சொல்றாங்க மச்சான்" என்றான் அத்தை மகன். அத்தை விடவில்லை. அவளுடைய அம்மா செத்தபோது ஊரில் எவனும் எட்டிப் பார்க்கவில்லையாம், கன்னியாஸ்திரி ஒருத்திதான் வந்து குளிப்பாட்டினாளாம்.