பேய்க்கும் சாதி உண்டு

பேய்ப் படம் பார்ப்பது நேர விரயம் என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பழைய பேய்ப் படத்தைக் கொலை வழக்குக் கட்டைப் படிப்பது போலப் பார்த்துப் பழகுங்கள். செத்தது யார், கொன்றது யார், எதற்காகக் கொன்றார்கள், வழக்கை முடித்துவைத்தது யார்? இந்த நாலு கேள்விகளைக் கேட்டாலே போதும். தமிழ் சினிமா எதைச் சொல்வது போலச் சொல்லி எதை மறைத்தது என்பது தெரிந்துவிடும்.

நெல்லையில் கல்லூரி மாணவர்களோடு நாங்கள் அண்மையில் சேர்ந்து பார்த்தது ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை'. 1963இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இதன் தலைப்புப் பாட்டைக் கேட்டவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். படத்தை முழுசாகப் பார்த்த இளைஞர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணினி வரைகலை கிடையாது. பாழடைந்த ஜமீன் பங்களா, தானாகத் திறக்கும் கதவு, வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் நீளும் நிழல், இவ்வளவுதான் முதலீடு. ஆனாலும் இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

கதை இதுதான். நண்பனின் ஊருக்குப் போகும் ஆனந்துக்கு அந்தப் பங்களாவில் முற்பிறவி நினைவுக்கு வருகிறது. போன பிறவியில் அவன் ஜமீன்தார் மகன். கண்ணம்மா என்ற ஏழைப் பெண்ணைக் காதலித்தவன். ஜமீன்தார் அந்தக் காதலை ரத்தத்தில் முடித்துவைத்தார். இந்தப் பிறவியில் காதலர்கள் மறுபடி சந்திக்கும்போது, நூறு வயதைத் தாண்டிய அதே ஜமீன்தார் இன்னும் வெறி அடங்காமல் காத்திருக்கிறார்.

இதற்கு இன்று நாம் வைத்திருக்கும் பெயர் ஆணவக்கொலை. கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலர்கள். ஆனால் படத்தில் நம்மை நடுங்க வைப்பவர் எம்.என். நம்பியார்தான். கொலைகாரனையே பயத்தின் உருவமாகக் காட்டிய அளவில் இந்தப் படம், பின்னால் வந்த எத்தனையோ பேய்ப் படங்களைவிட நேர்மையானது. அவற்றில் கொல்லப்பட்ட பெண் வெள்ளைச் சேலையில் வருவாள். மந்திரவாதி வந்து அவளை ஆணியடித்து அடக்குவார். கொன்றவர்களின் வீடு நிம்மதியாகத் தூங்கும். பாதிக்கப்பட்டவளே குற்றவாளி ஆகிவிடுவாள்.

இவ்வளவு நேர்மையான படமும் ஒரு இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. கண்ணம்மா 'ஏழை'. அதற்கு மேல் அவள் யார் என்று படம் சொல்லாது. ஜமீன் வீட்டுக்கு வறுமை மட்டும்தான் தீண்டத்தகாததா? காசில்லாத சொந்தக்காரப் பெண்ணை மருமகளாக்கிக்கொண்ட பெரிய வீடுகளை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். துப்பாக்கியைத் தூக்க வைப்பது வேறொன்று. அந்த வேறொன்றுக்குத் தமிழ் சினிமா பல பத்தாண்டுகள் வைத்திருந்த மாற்றுப் பெயர்தான் 'ஏழை'.

முடிவையும் கவனியுங்கள். ஜமீன்தாரைப் புதைமணல் விழுங்குகிறது. போலீஸ் இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு கிழவர் செத்ததோடு கொடுமையும் செத்துவிட்டது என்று நாம் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆணவக்கொலையைத் தனியொருவர் செய்வதில்லை. துப்புச் சொன்னவர், தூண்டிவிட்டவர், பார்த்தும் பார்க்காதது போல நின்ற தெரு எல்லாம் சேர்ந்தால்தான் அது நடக்கும். அந்த ஊரை எந்தப் புதைமணலும் விழுங்காது.

இதோடு சேர்த்து இன்னொரு படத்தையும் பாருங்கள். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. செலவு சுமார் 1,14,000 டாலர். அமெரிக்க சினிமாக் கணக்கில் சில்லறைக் காசு. நாயகன் டுவேன் ஜோன்ஸ் கறுப்பர். படத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லை. இரவெல்லாம் பிணங்களோடு போராடிப் பிழைத்த அவரை, விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த வெள்ளையர் கூட்டம் பிணமென்று சுட்டுக் கொல்கிறது. யாரும் விளக்க வேண்டியதில்லை, பார்த்ததுமே புரிகிறது.

நமக்கு அந்த வசதி கிடையாது. நிறம் திரையில் தானாகத் தெரியும். சாதி முகத்தில் தெரியாது; வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அது மறைந்தே போகும். அதனால் 'நாங்கள் சாதியே பேசவில்லை' என்று ஒரு தமிழ்ப் படம் சொன்னால் அதை நடுநிலை என்று நம்பிவிடக் கூடாது.

மறைக்கும் வேலை சினிமாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சந்நிதி இருக்கிறது. பக்தர்கள் அங்கே தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். பட்டவராயன் என்பது முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை மணக்கப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவர். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தார். வில்லுப்பாட்டு அவர் கதையை மறக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் ஒரு திருத்தம் நுழைந்தது: அந்தப் பெண்கள் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் கிடந்தவர்களை அருந்ததியர் எடுத்து வளர்த்தார்களாம். பேராசிரியர் நா. வானமாமலை இந்தத் திருத்தத்தை அம்பலப்படுத்தினார். பாட்டில் 'பிராமணக் குழந்தை' என்று மாற்றியதும், திரையில் 'ஏழை' என்று நிறுத்திக்கொண்டதும் ஒரே கைவேலைதான்.

வெளிப்படையாகச் சொல்லும் சினிமாவுக்குப் பெரிய பணம் வேண்டுமா? வேண்டாம் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தித் தாமிரபரணிக்குள் விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் 'மூழ்கி இறந்தார்கள்' என்பதுதான் அரசுத் தரப்பின் மொழி. கொன்றவரே இல்லாத சாவு! அந்தச் சொல்லை எதிர்த்து நின்ற ஆவணப்படம் 'நதியின் மரணம்'. எடுத்தவர் ஆர்.ஆர். சீனிவாசன், காஞ்சனை திரைப்பட இயக்கத்தைச் சேர்ந்தவர். காஞ்சனை என்பது நெல்லைக்காரர் புதுமைப்பித்தனின் பேய்க்கதைக்கும் பெயர்.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞரைக் காதலுக்காக வெட்டிக் கொன்றார்கள். அது 'குடும்பப் பிரச்சினை' என்று பேசியவர்களும் இருந்தார்கள். ஆணவக்கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டுமென்று 2012இலேயே சட்ட ஆணையம் வரைவு கொடுத்தது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண் என்று வழிகாட்டியது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவு எங்கே இயங்குகிறது, எத்தனை பேருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள்.

படமும் பாருங்கள், தோழர்களே. விடுதி அறையில் நாலு பேர் சேர்ந்து, ஒரு மடிக்கணினியில் பார்த்தால் போதும். படம் முடிந்ததும் அந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள். 'ஏழை' என்று வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, 'எந்தத் தெரு?' என்று ஐந்தாவது கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.