சத்தமில்லாமல் செத்த கன்ஸ்ட்ரக்டர்

பிஎச்பி மொழியில் ஒரு காலத்தில் வகுப்புக்கு என்ன பெயரோ, அதே பெயரில் எழுதிய ஃபங்ஷன்தான் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் பிறக்கும்போது தானாக ஓடுவது. வகுப்பின் பெயரை மாற்றிவிட்டு ஃபங்ஷனை மறந்தால், ஆப்ஜெக்ட் வெறுங்கையோடு பிறக்கும்.

2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ‘கன்ஸ்ட்ரக்ட்’ என்று (முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு) ஒரே பெயர் வைத்தது. பழைய முறை பற்றி 2015இல் ஏழாம் பதிப்பு எச்சரித்தது. 2020இல் எட்டாம் பதிப்பு அதைக் கைகழுவியது. விஷமம் இங்கேதான். பழைய நிரலை எட்டில் ஓட்டினால் அந்த இடத்தில் பிழைச் செய்தியே வராது. பழைய கன்ஸ்ட்ரக்டர் சாதாரண ஃபங்ஷனாகி, அழைப்பாரில்லாமல் சும்மா கிடக்கும். மதிப்பில்லாத மாறி வேறெங்கோ போய் இடறும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஐந்தாண்டு எச்சரித்தோமே என்பார்கள் மொழியை உருவாக்குபவர்கள். ஐந்திலிருந்து நேரே எட்டுக்குத் தாவிய தளங்களுக்கு அந்த எச்சரிக்கை எங்கே போய்ச் சேரும்? நீக்கியது சரி, மௌனமாக நீக்கியது தவறு.

அதே எட்டாம் பதிப்பு ஒரு நல்லதும் செய்தது: கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள்ளேயே பண்புகளை அறிவித்துவிடலாம். வரிகள் குறையும்.

பழைய தளத்தை எட்டுக்கு ஏற்றப்போகிறவர்கள், வகுப்பின் பெயரிலேயே இருக்கும் ஃபங்ஷன்களை முதலில் தேடிப் பிடித்துவிடுங்கள்.